மூணாற்றில் முதல் பனிக்காலம்: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

சின்னமனூரிலிருந்து கல்யாணமாகி நான் மூணாற்றில் செண்டுவாரை எஸ்டேட் பக்கம் வந்தது ஓர் ஆவணி மாதம். மழைதான் இந்த ஊரின் கஷ்டம் போல என்று நினைத்து, கார்த்திகை பாதியில் வானம் தெளிந்ததும் அப்பாடா என்றிருந்தேன். டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு நாள், சாயங்காலம் நாலரை மணிக்குச் சேலையைத் துவைத்துக் கொடியில் போட்டேன். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். காலையில் போய் இழுத்தால் சேலை வரவில்லை. பலகை மாதிரி விறைத்துத் தொங்குகிறது. முந்தானையை மடக்கினேன், அப்பளம் நொறுங்குகிற மாதிரி சன்னமாக ஒரு சத்தம். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "ஏ புள்ள, அதை விடு. வெயில் வந்து மடிச்சுக் குடுக்கும்" என்றார்கள்.

இந்த ஊர்ப் பனிக்காலத்தைப் பற்றி இருபது வருடத்தில் நான் கற்றுக்கொண்டது எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குள் இருக்கிறது. குளிரை எதிர்த்து ஒன்றும் செய்ய வேண்டாம். வீட்டு வேலை, குளியல், சமையல், துணி எல்லாவற்றையும் வெயில் வருகிற நேரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும். பேங்க் வேலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள், பள்ளிக்கூடத்தில் சேருகிற டீச்சர்கள், ஹோட்டல் வேலைக்கு வரும் பையன்கள், என்னைப் போல வாக்கப்பட்டு வரும் பெண்கள் என்று வருஷா வருஷம் யாராவது கேட்கிறார்கள். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள்

இங்கே லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், முழுக்கத் தமிழ்தான். டவுன் கடைகளிலும் தமிழ் ஓடும். ஆனால் இது கேரளம். மலையாளத்தில் 'பனி' என்றால் காய்ச்சல். வந்த புதிதில் மருந்துக்கடையில் போய், "பனிக்கு உதட்டுக்குப் போட ஏதாவது கொடுங்க" என்றேன். கடைக்காரர் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "எத்ர திவசமாயி?" என்று கேட்டார். ரெண்டு வாரமா இருக்கு என்றேன். பயந்தே போனார். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிவிட்டார். நாம் சொல்லும் பனிக்கு அவர்கள் 'மஞ்ஞு' என்பார்கள். இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொரு குழப்பம் நம் தமிழிலேயே இருக்கிறது. மூடுபனி, வெண்பனி, உறைபனி எல்லாவற்றையும் பனி என்றே சொல்லிவிடுகிறோம். இமயமலையில் பஞ்சு பஞ்சாக விழுகிறதே, அந்தப் பனி மூணாற்றில் விழாது. இங்கே வருவது உறைபனி. அது மேலேயிருந்து விழுவதே இல்லை. காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்துபோன புல்மேல், இலைமேல், ஜீப் கூரைமேல் அப்படியே ஐஸாகப் படிகிறது. விடிகாலையில் பார்த்தால் யாரோ உப்பைத் தூவிவிட்டுப் போன மாதிரி இருக்கும். எட்டரை மணிக்கு மேல் தேடினாலும் கிடைக்காது.

பனி எங்கே படுக்கும், எப்போது வரும்

வீடு பார்க்கும்போதே இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆகவே ஓடைக்கரை, சதுப்புப் புல்வெளி, இரண்டு மலைக்கு நடுவில் இருக்கும் தட்டை நிலம், இங்கெல்லாம்தான் உறைபனி முதலில் பிடிக்கும். குண்டளை, மாட்டுப்பட்டி, செண்டுவாரை, லட்சுமி, எல்லப்பட்டிப் பக்கம் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது, அதே எஸ்டேட்டில் நூறு இருநூறு அடி மேலே இருக்கும் லயத்துக்கு வெறும் குளிர் மட்டும்தான் இருக்கும். எனவே வாடகைக்கு வீடு தேடினால் ஓடையைப் பார்த்த அழகான வீட்டில் மயங்காதீர்கள். சரிவின் நடுவில் இருக்கிற, கிழக்குப் பார்த்த வீடு எடுங்கள். டிசம்பரில் சூரியன் ஆறே முக்காலை ஒட்டி உதித்தாலும், எதிரில் மலை இருந்தால் உங்கள் வாசலுக்கு வெயில் வர எட்டு, எட்டரை ஆகிவிடும். வீட்டுக்காரரிடம், "காலையில் எத்தனை மணிக்கு வெயில் வரும்?" என்று கேளுங்கள். தண்ணீர் வசதியைக் கேட்பதற்கு முன்னாலேயே கேளுங்கள்.

எப்போது வரும் என்பதற்கு வானத்தைப் பார்த்தால் போதும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரியில் வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி சூட்டைத் தடுத்துவைக்கும். மேகம் இல்லாமல் நட்சத்திரம் கொட்டிக் கிடந்து, காற்றும் அசையாமல் நின்றால் அன்று ராத்திரி பனி நிச்சயம். வடகிழக்குப் பருவமழை ஓய்கிற டிசம்பர் பாதியிலிருந்து இப்படிப்பட்ட ராத்திரிகள் தொடங்கும். ஜனவரிதான் உச்சம். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று கீழ்நாட்டில் சொல்வார்களே, அது இங்கே அப்படியே நடக்கும். பொங்கலோடு முடிந்தது என்று ஸ்வெட்டரைத் துவைத்து உள்ளே வைத்துவிடாதீர்கள்.

அத்தை வானத்தைக்கூடப் பார்க்க மாட்டார்கள். சாயங்காலம் பள்ளத்து லயங்களின் அடுப்புப் புகையைப் பார்ப்பார்கள். புகை நேராக மேலே போகாமல், கொஞ்சம் எழுந்து அப்படியே பாய் விரித்த மாதிரி பள்ளத்தின் மேல் படுத்துக்கொண்டால், "புகை படுத்தா பனி எந்திரிக்கும்" என்பார்கள். கீழே குளிர்காற்றும் மேலே சூடான காற்றும் அடுக்காக நின்றுவிட்டதால் புகை அந்த இடத்தைத் தாண்ட முடிவதில்லை. காரணம் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. கணக்கு மட்டும் தப்பியதில்லை.

டிவியில் மூணாறு 3 டிகிரி என்று சொன்னால், அப்படியானால் ஐஸ் இருக்காது என்று நினைக்க வேண்டாம். அந்த வெப்பமானி தரையிலிருந்து ஓர் ஆள் நெஞ்சுயரத்தில் நிழலுக்குள் இருக்கிறது. அதே நேரத்தில் புல்மேல் பூஜ்யத்துக்குக் கீழே போயிருக்கும். சில வருஷம் காற்றின் வெப்பமே மைனஸுக்குப் போகும். 2019 ஜனவரியில் நாள் கணக்காக அப்படி இருந்து தேயிலை கருகியது.

படுக்கை, துணி

சமவெளிக்காரர்கள் செய்கிற தப்பு, மேலே போர்த்துவதற்கு நாலு போர்வை வாங்கி, கீழே ஒரு பாயை மட்டும் விரிப்பது. சிமென்ட் தரை ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டை உறிஞ்சும். முதலில் அடியைக் கவனியுங்கள். சாக்கு, அதன்மேல் பாய், அதன்மேல் பழைய கம்பளி, பிறகுதான் மெத்தையோ ஜமுக்காளமோ. கட்டில் இருந்தாலும் மெத்தைக்கடியில் ஒரு கம்பளி போடுங்கள். பழைய செய்தித்தாளை அடுக்கிப் போட்டாலும் நன்றாகவே வேலை செய்யும்.

தகரக் கூரை வீடு என்றால் ஒரு சங்கதி. மழையே இல்லாமல் விடிகாலையில் கட்டில்மேல் சொட்டும். நாம் விடுகிற மூச்சின் ஈரமும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் படிந்து தண்ணீராக இறங்குவதுதான் அது. கூரை ஒழுகுகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள், நான் போயிருக்கிறேன். சீலிங் அடிக்க முடியாவிட்டால் கட்டிலை நகர்த்திப் போட்டு, சமைக்கும்போது அடுப்படி ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

உடுத்துவதற்கு ஒரே ஒரு தடித்த ஜாக்கெட்டை விட மூன்று மெல்லிய துணிகள் மேல். உள்ளே ஒட்டினாற்போல ஒரு பனியன், மேலே ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேலே காற்றுப் புகாத ஒன்று. பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும்போது ஒவ்வொன்றாகக் கழற்றலாம். வியர்த்துவிட்டால் அந்த ஈரமே சாயங்காலம் குளிரை இழுக்கும். காதை மூடுங்கள். மங்கி குல்லா போட வெட்கப்படுகிறவர்கள் முதல் வாரம் மட்டும்தான் வெட்கப்படுவார்கள். சாக்ஸ் இரண்டு ஜோடி கூடுதலாக வையுங்கள். ஈரமான சாக்ஸோடு அரைமணி நேரம் பஸ்ஸுக்கு நின்றால் விரல் சிவந்து வீங்கி அரிக்கும். மரத்துப்போன விரலை நேராக நெருப்பில் காட்டக் கூடாது. இளஞ்சூடான தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும்.

துணி துவைப்பது காலை ஒன்பதரைக்கு மேல். கொடியிலிருந்து எடுப்பது மூன்றரைக்குள். என் சேலைக் கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை.

அடுப்படி

குளிர்காலத்தில் வீடு என்பதே அடுப்படிதான். படிப்பு, பேச்சு, கணக்கு, சண்டை எல்லாம் அங்கேதான் நடக்கும். வசதிக்காக மட்டும் கேஸ் வைத்துக்கொண்டு விறகடுப்பை விடாமல் இருக்கிற குடும்பங்கள் இன்னும் நிறைய. விறகு பெரும்பாலும் கிராண்டிஸ், அதாவது யூக்கலிப்டஸ். மழை விட்டவுடன், நவம்பர் கடைசியிலேயே பிளந்து வீட்டுக்குள் அடுக்கிவிடுங்கள். வெளியில் கிடந்தால் ஒவ்வொரு ராத்திரியும் ஈரம் ஏறும்.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அப்படியென்றால் பனிக்காலத்தில் இங்கே அது எப்போதும் கட்டிதான். குறுகிய வாய் பாட்டிலில் வாங்கிவிட்டுக் கம்பி விட்டு நோண்டாதீர்கள், வாய் அகன்ற டப்பாவில் வாங்கிக் கரண்டியால் வெட்டி எடுங்கள்.

இட்லி மாவு என்னை அழவே வைத்திருக்கிறது. சின்னமனூரில் ஆட்டி வைத்தால் விடிகாலையில் பொங்கி மூடியைத் தள்ளிவிடும். இங்கே ஒரு முழு நாள் ஆனாலும் ஆட்டி வைத்தபடியே கிடக்கும். இப்போது நான் செய்வது இதுதான்: உளுந்தையும் அரிசியையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைக்கிறேன். ஆட்டியதும் கையால் நன்றாகக் கலக்கிப் பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாமல் வைக்கிறேன். சமையல் முடிந்து தணல் அடங்கிய அடுப்பின் பக்கத்தில், பாத்திரத்தைப் பழைய கம்பளியால் சுற்றி ஒரு சாக்குக்குள் இறக்கிவிடுகிறேன். காலையில் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் அரை மணி நேரம் உட்காரவைத்தால் எழும்பும். அப்படியும் எழும்பாத நாளில் தோசை. வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், சொல்கிற ஆள் மாவு ஆட்டட்டும். தயிருக்கு ஹாட் பாக்ஸ் போதும்.

பருப்பு வேகவில்லை என்றால் பருப்பைக் குற்றம் சொல்லாதீர்கள். மூணாறு டவுனே கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடாகாது. குக்கர் இல்லாமல் கொண்டைக்கடலையை வேகவைக்க நினைப்பவர்களுக்கு விறகும் பொறுமையும் நிறைய வேண்டும்.

கேஸ் சிலிண்டர் வெளியே இருந்தால் காலையில் தீ சின்னதாக எரியும். சிலிண்டரில் இருக்கிற பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை ஒட்டிவந்தால் சரியாக ஆவியாகாது. கேஸ் தீர்ந்துவிட்டது என்று நினைத்துப் பாதி சிலிண்டரைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. சிலிண்டரைக் காற்றோட்டமான உள்ளிடத்தில் வையுங்கள். அதைச் சூடாக்க எந்த வித்தையும் செய்ய வேண்டாம்.

தண்ணீர்க் குழாய் தரைமேல் ஓடும் ஹோஸ் என்றால் காலையில் அடைத்துக்கொள்ளும். அடிக்காதீர்கள், வளைக்காதீர்கள், உடைந்துவிடும். ராத்திரி படுக்கும் முன் குடத்திலும் அண்டாவிலும் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிட்டால் வெயில் வரும்வரை கவலையில்லை.

கங்குச் சட்டி

இது ஒன்றைத் தயவுசெய்து விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குளிர் தாங்காமல் ராத்திரி தணலைச் சட்டியில் அள்ளிப் படுக்கையறைக்குள் வைத்துக் கதவு ஜன்னலை அடைத்துக்கொண்டு படுப்பவர்கள் இருக்கிறார்கள். புகை வந்தால் தும்முவோம், இருமுவோம், எழுந்து ஓடுவோம். புகை அடங்கிய கங்குதான் ஆபத்து. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அந்தத் தூக்கத்திலிருந்து எழவே முடியாமல் போகும்.

கல்யாணமான முதல் தை மாதம் நானே அப்படி ஒரு சட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்தேன். எங்கள் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் நைட் ஷிப்ட். பன்னிரண்டு மணிக்கு அத்தை எதற்கோ கதவைத் தட்டியிருக்கிறார்கள், எனக்குத் தலை பாறாங்கல்லாக இருந்தது, எழுந்து நடக்கக் கால் பின்னியது. வெளியே இழுத்துக்கொண்டு போய்ப் பனியில் உட்காரவைத்தார்கள். அன்று அவர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அறையைச் சூடாக்க வேண்டுமென்றால் படுப்பதற்கு முன் சூடாக்கி, கங்கை வெளியே கொண்டுபோய்விட்டு, ஒரு ஜன்னலை விரற்கடை திறந்துவைத்துப் படுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்கு. படுக்கைக்குச் சூடு வேண்டுமா, ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துண்டில் சுற்றிக் கால்மாட்டில் வையுங்கள்.

குளியல், உடம்பு

குளிப்பதற்கு நல்ல நேரம் பதினொரு மணி, அல்லது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். விடிகாலை ஐந்து மணிக் குளியல் சமவெளி வழக்கம். பிரஷர், நெஞ்சுவலி உள்ள பெரியவர்களை அந்த நேரத்தில் குளிக்கவே விடாதீர்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கிப் பிரஷர் ஏறும். மாலை போட்ட சாமிகள் பச்சைத் தண்ணீரில் குளித்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் காலில் ஊற்றி, கையில் ஊற்றி, கடைசியில் தலைக்கு ஊற்றுங்கள். மருந்து சாப்பிடுகிறவர்கள் குருசாமியிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நியாயமான குருசாமி யாரும் வற்புறுத்த மாட்டார்.

வீசிங் உள்ள பிள்ளைகளுக்கு மூக்கையும் வாயையும் மூடி மஃப்ளர் கட்டிவிடுங்கள். இன்ஹேலர் பையிலேயே இருக்கட்டும். உதட்டுக்கும் குதிகாலுக்கும் ராத்திரி எண்ணெய் தடவுங்கள். தாகம் எடுக்காது, அதனால் தண்ணீர் குடிக்க மறந்துவிடுவோம். இங்கே கட்டன் சாயாவுக்கு, அதாவது பால் விடாத டீக்கு, குறைவில்லை என்றாலும் வெந்நீரும் குடியுங்கள். குளிர்கிறதே என்று வெயிலில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் முகம் கருத்துத் தோல் உரியும். உயரம் கூடினால் வெயிலின் காரமும் கூடும்.

வண்டி

கண்ணாடியில் படிந்த ஐஸ்மேல் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். ராத்திரியே ஒரு சாக்கையோ அட்டையையோ மேலே போட்டுவைத்தால் காலையில் உருவி எடுத்துவிட்டுப் போகலாம். மறந்துவிட்டால் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டுங்கள். பைக்கைக் கிளப்பியவுடன் முறுக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள்.

மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும். லோபீம்தான். போடிமெட்டிலிருந்து பூப்பாறை, கேப் ரோடு வழியாக வருகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே வந்து சேருகிற மாதிரி கிளம்புங்கள். உடுமலைப்பேட்டை, மறையூர் வழியும் அப்படியே. அந்தப் பக்கம் சின்னாறு காடு, யானை நிற்கும். எஸ்டேட்டுக்குள்ளும் நிற்கும். படையப்பா என்று ஊரே பெயர் வைத்திருக்கும் கொம்பன் லயத்து வாழையைத் தேடி வருகிற ஆள். பனி மூட்டத்தில் பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. விடிகாலையில் தனியாக வாக்கிங் போகும் பழக்கத்தைக் கீழே விட்டுவிட்டு வாருங்கள்.

செடி, தேயிலை

வாசலில் பீன்ஸோ உருளையோ ரோஜாவோ வைத்திருந்தால் சாயங்காலமே தண்ணீர் விடுங்கள். ஈரமண் சூட்டை அதிக நேரம் பிடித்துவைக்கும். பிறகு சாக்கோ காய்ந்த புல்லோ போட்டு மூடுங்கள். மூட மறந்து பனி பிடித்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்னால் எழுந்து இலைமேல் தண்ணீரைத் தெளித்து ஐஸைக் கரைத்துவிட வேண்டும். ஐஸ் பிடித்த இலையில் நேரே வெயில் அடித்தால் வெந்துபோனது மாதிரி கருகும். அத்தை இருந்தவரை ஆறு மணிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாளியும் கையுமாக ஒவ்வொரு செடியாகக் குளிப்பாட்டிக்கொண்டு போவார்கள். எனக்கு ஸ்வெட்டருக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்கவே மனசு வராது.

வீட்டுச் செடிக்கு இது முடியும், மலை முழுக்க இருக்கும் தேயிலைக்கு முடியாது. பனி பிடித்த பாத்தி ஒன்றிரண்டு நாளில் செம்பழுப்பாகிவிடும். மறுபடி துளிர்க்க வாரக்கணக்காகும். கொழுந்து குறைந்தால், அன்றாட அளவுக்கு மேல் எடுக்கும் கூடுதல் கிலோவுக்குக் கிடைக்கும் காசும் குறையும். ஆகவே வெள்ளைப் புல்வெளியைப் பார்த்து டவுனில் எல்லோரும் குதிக்கும்போது, லயத்தில் கொஞ்சம் பேச்சு குறைந்திருக்கும். புதிதாக வந்தவர்கள், "செம பனி இல்லக்கா?" என்று கொழுந்து எடுக்கும் பெண்களிடம் சந்தோஷமாகக் கேட்டு வைக்காதீர்கள். நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நல்ல நாள், பண்டிகை

இவ்வளவு சொன்னாலும், வருஷத்தில் இந்த ஊர் அழகாக இருப்பது இந்த நாற்பது நாள்தான். மார்கழி, கிறிஸ்மஸ், புது வருஷம், பொங்கல் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். ஒரே லயத்தில் ஒரு வாசலில் கோலம், அடுத்த வாசலில் ஸ்டார். பனி மூட்டத்தில் மலைச்சரிவு முழுக்க அந்தக் காகித நட்சத்திரங்கள் மங்கலாக எரிவதை ஒரு தடவையாவது எதிர் மலையிலிருந்து பாருங்கள்.

கேரளப் பள்ளிகளுக்குக் கிறிஸ்மஸ் லீவு விடுகிற அன்றிலிருந்து டூரிஸ்ட் கூட்டம் ஏறும். மாட்டுப்பட்டி ரோட்டில் வண்டி நின்றால் நின்றதுதான். அரிசி, பருப்பு, மாத்திரை, சிலிண்டர் எல்லாவற்றையும் டிசம்பர் 20க்கு முன் வாங்கி வைத்துவிடுங்கள். வட்டவடைப் பூண்டு கிடைத்தால் ஒரு கிலோ கூடுதலாகவே வாங்குங்கள். சின்னப் பல், உரிக்கக் கஷ்டம், ஆனால் பூண்டுக் குழம்பும் பூண்டு ரசமும் வைத்தால் குளிருக்கு அதைவிட மேலான சாப்பாடு கிடையாது.

கேரல் பாட்டுக்காரர்கள் ராத்திரி பதினொன்றோ பன்னிரண்டோ, எப்போது வேண்டுமானாலும் வருவார்கள். பனியில் நடந்து வருகிற பிள்ளைகள். எந்த மதமாக இருந்தாலும் பிளாஸ்க்கில் சுக்குக் காப்பி போட்டு வைப்பது இங்கே வழக்கம். அவர்கள் கேக் அனுப்புவார்கள், பொங்கலுக்கு நாம் சர்க்கரைப் பொங்கல் அனுப்புவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போனால் பாயின்மேல் உட்காரக் கையோடு ஒரு கம்பளி கொண்டுபோங்கள்.

கோலத்துக்கு ஒரு யோசனை. ஈரத் தரையில் மாவு கரையும், கல்பொடி நிற்கும். ஐந்து மணிக்கே போட்டாக வேண்டும் என்றால் விரல் வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில் அதைப் பார்த்து முதலில் சிரித்தார்கள், அடுத்த மார்கழியில் நாலு பேர் போட்டிருந்தார்கள்.

பொங்கலுக்கு இடுக்கி மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை உண்டு, எல்லையோரத்தில் தமிழர்கள் அதிகம் இருப்பதால் கேரள அரசு கொடுப்பது. கரும்பும் மஞ்சளும் தேனிப் பக்கமிருந்து ஏறி வரும். வெல்லம் மட்டும் கீழேயிருந்து வாங்காதீர்கள், மறையூர் வெல்லம் இருக்கும்போது. உருண்டையாக, கொஞ்சம் கருப்பாக இருக்கும், 2019ல் அதற்குப் புவிசார் குறியீடே கிடைத்தது. வாசலில் பொங்கல் வைக்கிற விறகை முந்தின ராத்திரி அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கிவையுங்கள். அரிசி வேகக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால் நல்ல நேரத்துக்கு அரைமணி முன்னாலேயே பானையை ஏற்றிவிடுங்கள்.

ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால்

நிச்சயம் வருவார்கள், பிள்ளைகளோடு வருவார்கள், இரண்டு கைத்தறித் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வருவார்கள். கூடுதலாக நாலு குல்லா வாங்கி வையுங்கள். பனி பார்க்க வேண்டும் என்பார்கள். முந்தின சாயங்காலம் புகை படுத்திருக்கிறதா என்று பாருங்கள். படுத்திருந்தால் ஆறரைக்குக் கூட்டிப்போங்கள், ரோட்டோரமாகவே நின்று பாருங்கள், எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். மேகமாக இருந்தால் தூங்கவிடுங்கள்.

ஒன்று மட்டும் சொல்லிக் கூட்டிப்போங்கள்: உறைந்த புல்லையும் தேயிலையையும் மிதிக்கக் கூடாது. ஐஸ் ஏறிய புல் மிதிபட்டால் உள்ளே உடைந்து செத்துவிடும். மூன்று வருஷம் முன் என் தங்கை பிள்ளைகள் வந்திருந்தபோது சொல்ல மறந்துவிட்டேன். வாசலுக்குக் கீழே இருக்கும் புல்தரையில் குதித்துக் குதித்து ஓடினார்கள். அவர்கள் பஸ் ஏறி ஊருக்குப் போன மறுநாள் பார்த்தேன். பச்சைப் புல்லில் பழுப்பு நிறத்தில் இரண்டு ஜோடிக் கால்தடம், வாசற்படியிலிருந்து ஓடைவரை போய்ச் சுற்றித் திரும்பி வந்திருந்தது. மாசி முடிகிறவரை அது அப்படியே இருந்தது. போனில் சொன்னேன், சின்னவன் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான்.